ஆர்.வி. வண்டிக் கதவின் பூட்டை எவ்வளவு நம்பலாம்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை முகாம். கோடை விடுமுறைக்கு ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். மாலையில் இறைச்சி சுடுவதற்குக் கரி எடுக்கலாம் என்று பார்த்தால், வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் சாமான் அறையின் சாவியைக் காணவில்லை. பைகளைக் கொட்டிக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்கவில்லை.

நாங்கள் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வண்டியிலிருந்த அமெரிக்கப் பெரியவர் எழுந்து வந்தார். தன் சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியை எடுத்து எங்கள் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்துகொண்டது! "பெரும்பாலான வண்டிகளுக்கு இதே சாவிதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் சிரித்தோம், நன்றி சொன்னோம்.

இரவு படுக்கும்போது எங்கள் இளைய மகள் கேட்டாள்: "வாப்பா, அந்தத் தாத்தாகிட்ட நம்ம வண்டிச் சாவி எப்படி வந்துச்சு? அப்ப வேற யாராவது வந்து திறந்தா?"

அன்றிரவு எங்களிடம் சரியான பதில் இல்லை. ஊர் திரும்பியபின் வண்டி வைத்திருக்கும் சகோதரர்களிடமும் பூட்டு வேலை செய்பவர்களிடமும் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம். ஆர்.வி. வாங்க நினைப்பவர்களுக்கும், விடுமுறையில் வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் இது பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

ஆர்.வி. என்றால் என்ன?

'கேரவன்' என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வரும். அதுபோன்ற வண்டிகளை அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரணக் குடும்பங்களே வாங்குகின்றன, வாடகைக்கும் எடுக்கின்றன. இவற்றைத்தான் ஆர்.வி. என்கிறார்கள். எஞ்சினோடு சேர்ந்து தானே ஓடும் மோட்டார் ஹோம் ஒரு வகை. பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் டிரெய்லர் இன்னொரு வகை. இரண்டிலும் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உண்டு.

நம் குடும்பங்களுக்கு இது வசதியான பயணம் என்பதில் ஐயமில்லை. ஹலால் உணவகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, சமைத்துச் சாப்பிடலாம். ஒளூ செய்யத் தண்ணீர் இருக்கிறது, தொழ இடம் இருக்கிறது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனிமை கிடைக்கிறது. ஒரு வீட்டையே கூட எடுத்துச் செல்கிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் அந்த வீட்டின் கதவு, வீட்டுக் கதவு அல்ல. இதுதான் முதலில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு சாவி, ஊரெல்லாம் பூட்டு

உங்களிடம் ஆர்.வி. இருந்தால், இப்போதே சாமான் அறையின் சாவியை எடுத்துப் பாருங்கள். அதில் 'சி.எச்.751' என்ற எழுத்துகளும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பூட்டின் முகத்திலும் அதே எண் இருக்கலாம்.

இது உங்கள் வண்டியின் எண் அல்ல. சாவியின் பற்கள் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன என்பதைக் குறிக்கும் எண். பல நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் வண்டிகளின் சாமான் அறைகளுக்கு இந்த ஒரே வெட்டைத்தான் பயன்படுத்தி வருகின்றன. சில டாலர் கொடுத்தால் இந்தச் சாவியை யார் வேண்டுமானாலும் இணையத்தில் வாங்கலாம். முகாமில் அந்தப் பெரியவரிடம் இருந்தது இதுதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காரணம் எளிது. அமெரிக்க ஆர்.வி. வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில், எல்க்ஹார்ட் நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மையமாகக் கொண்டு தயாராகிறது. பூட்டு, தாழ்ப்பாள், ஜன்னல் போன்ற உதிரிப் பொருள்களைச் சில நிறுவனங்களே பல வண்டி நிறுவனங்களுக்கும் வழங்குகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி என்றால் தொழிற்சாலைக்கு வேலை சுலபம், செலவு குறைவு. விற்பனையாளருக்கும், பழுது பார்ப்பவருக்கும், சாவியைத் தொலைத்த நம்மைப் போன்றவர்களுக்கும் அது வசதி. திருடனுக்கும் அதே வசதி!

நுழைவுக் கதவின் நிலை இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. அதற்கு வேறு சாவி உண்டு. ஆனால் அந்தச் சாவிகளிலும் எத்தனையோ ஆயிரம் வகை இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். குறிப்பிட்ட சில வெட்டுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. தன் வண்டியின் கதவுச் சாவி நண்பரின் வண்டியையும் திறந்ததைக் கண்டு திகைத்தவர்கள் ஆர்.வி. உரிமையாளர்களிடையே உண்டு.

சாவியில் பொறித்த எண்ணை வைத்தே மாற்றுச் சாவி வரவழைக்க முடியும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். புது வண்டி வாங்கிய மகிழ்ச்சியில் சாவியைப் படம்பிடித்து முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடுவது, சாவியையே கொடுப்பதற்குச் சமம்.

பூட்டுக்குள்ளே என்ன இருக்கிறது?

வீட்டு வாசலில் நாம் பொதுவாகப் பயன்படுத்துவது பின் பூட்டு. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளே வரிசையாகச் சிறு ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சரியான சாவி நுழையும்போது எல்லா ஊசிகளின் பிளவும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் உருளை சுழலும்.

ஆர்.வி. பூட்டுகளில் பெரும்பாலும் இருப்பது தகட்டுப் பூட்டு. ஊசிகளுக்குப் பதிலாக மெல்லிய தகடுகள். அலுவலக மேசை இழுப்பறையில், தபால் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். மலிவானது, தூசிக்கும் குலுக்கலுக்கும் தாக்குப்பிடிக்கக்கூடியது. ஆனால் தகடுகளுக்கிடையே இடைவெளி தாராளமாக இருக்கும். அதனால் அதே சாயலில் உள்ள வேறொரு சாவியை நுழைத்து ஆட்டினாலே சில சமயம் திறந்துவிடும். பழகிய கைக்கு அதிக நேரம் பிடிக்காது.

நுழைவுக் கதவில் இரண்டு தாழ்கள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கைப்பிடியோடு சேர்ந்தது ஒன்று. அதற்குத் தனியாக, கதவு நிலைக்குள் நேராகப் போய் நுழையும் டெட்போல்ட் இன்னொன்று. பல வண்டிகளில் இரண்டுக்கும் சாவிகள் வேறு வேறு. அவசரத்தில் நாம் கைப்பிடியை மட்டும் பூட்டிவிட்டுப் போகிறோம். கைப்பிடியின் தாழ் ஒரு பக்கம் சரிவானது. கதவைத் தள்ளினால் தானே மூடிக்கொள்வதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மூடுவதற்கு உதவும் அந்தச் சரிவே, வெளியிலிருந்து தாழைப் பின்னுக்குத் தள்ளவும் உதவும். டெட்போல்ட்டை அப்படித் தள்ள முடியாது. ஆகவே பத்து நிமிடம் வெளியே போனாலும் டெட்போல்ட்டையும் பூட்டிவிட்டுப் போவதே சரி. காசு செலவில்லாத முதல் பாதுகாப்பு இது.

பூட்டு வலுவாக இருந்தால் போதுமா?

போதாது. பெரும்பாலான திருடர்கள் பூட்டைத் திறந்து நேரத்தை வீணாக்குவதில்லை. கதவை நெம்புகிறார்கள், அல்லது கண்ணாடியை உடைக்கிறார்கள்.

ஆர்.வி. கதவு எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுவது. சுற்றிலும் அலுமினியச் சட்டம். நடுவே பஞ்சு போன்ற நுரைப் பலகை. அதன் இருபுறமும் மெல்லிய தகடு. சுவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். நீளமான ஸ்க்ரூ டிரைவர் அல்லது சிறிய கடப்பாரையைக் கதவு இடுக்கில் கொடுத்து நெம்பினால் சட்டம் வளைந்து கொடுக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பூட்டை மாட்டினாலும், அது பிடித்துக்கொண்டு நிற்பது இந்த மெல்லிய சட்டத்தைத்தான்.

ஜன்னல்களும் அவ்வாறே. தள்ளித் திறக்கும் ஜன்னல்களின் கொக்கிகள் பல வண்டிகளில் பிளாஸ்டிக். கதவிலேயே கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கையை உள்ளே விட்டு டெட்போல்ட்டைத் திருப்பிவிடலாம்.

மோட்டார் ஹோமில் ஒரு வேடிக்கை உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவு இருந்தால், அது ஃபோர்டு, மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாகனங்களுக்குச் செய்த இரும்புக் கதவும் பூட்டுமாகவே பெரும்பாலும் இருக்கும். வீட்டுப் பகுதியின் கதவுக்கு அந்த வலு கிடையாது. ஒரே வண்டியில் ஒரு கதவு உறுதி, இன்னொரு கதவு மெலிவு!

படுக்கைக்கு அடியில் இன்னொரு வாசல்

இதைக் கேள்விப்பட்டபோதுதான் எங்களுக்கு உண்மையாகவே தூக்கிவாரிப் போட்டது.

பல டிரெய்லர்களில் பெரிய கட்டிலின் பலகையைத் தூக்கினால் கீழே சாமான் வைக்கும் இடம் இருக்கும். அதே இடத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு கதவு இருக்கும். பிள்ளைகள் படுக்கும் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டிலும் சில வண்டிகளில் இப்படி வெளிக்கதவு உண்டு. அதாவது, சி.எச்.751 சாவியால் வெளிக்கதவைத் திறந்து, உள்ளே தவழ்ந்து, கட்டில் பலகையைத் தூக்கினால் படுக்கையறைக்கே வந்துவிடலாம். நுழைவுக் கதவின் பூட்டைத் தொடவே வேண்டியதில்லை.

உங்கள் வண்டியில் அப்படி வழி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால், முதலில் மாற்ற வேண்டியது நுழைவுக் கதவின் பூட்டை அல்ல, இந்தச் சாமான் அறைப் பூட்டைத்தான்.

மாற்றுவது கடினமும் அல்ல. பழைய பூட்டின் பின்புறத் திருகைக் கழற்றி எடுத்து, அதன் உருளையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அரை அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் சில அளவுகளில் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது, குளிர்பான இயந்திரங்களில் இருப்பது போன்ற, குழல் வடிவச் சாவி கொண்ட பூட்டாகக் கேட்டு வாங்குங்கள். அதிலும் உங்கள் வண்டியின் எல்லா அறைகளுக்கும் ஒரே சாவி பொருந்தும் தொகுப்புகள் உண்டு. இதையும் திறக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் சட்டைப்பையில் சி.எச்.751 சாவியோடு முகாமைச் சுற்றி வருபவருக்கு உங்கள் கதவு திறக்காது.

எண் பூட்டு நல்லதா?

எண்களை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டுகள் இப்போது பரவலாகிவிட்டன. பழைய பூட்டு இருந்த அதே ஓட்டையில் பொருந்தும்படியே பல வருகின்றன. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் நாமே மாட்டிவிடலாம். சாவி தொலையும் கவலை இல்லை. பிள்ளைகள் வெளியே மாட்டிக்கொண்டு நிற்பதும் இல்லை. கதவைப் பூட்ட ஒரே ஒரு பொத்தான்தான் என்பதால், பூட்டாமல் போகும் சோம்பலும் குறைகிறது. இதுவே அதன் பெரிய நன்மை.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கடையில் வரும்போது இருக்கும் எண்ணை உடனே மாற்றுங்கள். இரண்டு, இந்தப் பூட்டுகளிலும் அவசரத்துக்கு ஒரு சாவித் துளை இருக்கும். அந்தச் சாவி பலருக்கும் பொதுவான வெட்டாக இருந்தால், எண் பூட்டு என்பது வெறும் அலங்காரம்தான். வாங்கும் முன் இதைக் கேளுங்கள். மூன்று, பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்திருங்கள். அந்த மாற்றுச் சாவியை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

பம்பருக்கு அடியில் காந்தப் பெட்டியில் மாற்றுச் சாவியை ஒட்டி வைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. திருடன் முதலில் தடவிப் பார்க்கும் இடம் அது.

திருடனைவிட அஞ்ச வேண்டியது நெருப்பு

இதைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்கக் கூடாது. பாதுகாப்பு வேண்டும் என்ற ஆர்வத்தில் சிலர் கதவின் வெளிப்புறத்தில் கொண்டி அடித்துப் பெரிய பூட்டுத் தொங்கவிடுகிறார்கள். கதவுக்குக் குறுக்கே மடக்கிப் பூட்டும் கைப்பிடிக் கம்பிகளும் விற்கின்றன. வண்டியை ஆறு மாதம் நிறுத்தி வைக்கும்போது இவை நல்லவை. உள்ளே ஆள் இருக்கும்போது இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. விளையாட்டாக ஒரு பிள்ளை வெளியிலிருந்து கொண்டியைப் போட்டுவிட்டாலும் ஆபத்துதான்.

ஆர்.வி. வண்டியில் சமையல் வாயு இருக்கிறது, மின்கம்பிகள் நெருக்கமாக ஓடுகின்றன, சுவரும் கூரையும் எளிதில் எரியும் பொருள்கள். தீப்பிடித்தால் வெளியேறக் கிடைப்பது மிகக் குறைந்த நேரம். அதனால்தான் அமெரிக்காவில் ஆர்.வி. வண்டிகளுக்கான என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற தரவிதி, கதவைத் தவிர வெளியேற இன்னொரு வழியும் இருக்க வேண்டும் என்கிறது. படுக்கையறையில் சிவப்புக் கைப்பிடியோடு இருக்கும் ஜன்னல் அதற்காகத்தான்.

அந்த ஜன்னலை ஆணியடித்து மூடாதீர்கள், கம்பி போடாதீர்கள், அதன் முன் பெட்டிகளை அடுக்காதீர்கள். பல நாள் திறக்காமல் ரப்பர் ஒட்டிக்கொண்டு இறுகிப்போயிருக்கும். வண்டியை எடுத்த முதல் நாளே, பகலில், ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் திறக்கச் சொல்லுங்கள்.

மடியில் கனம் இருந்தால்

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? பூட்டு நமக்கு வாங்கித் தருவது சில நிமிடங்கள் மட்டுமே. அந்தச் சில நிமிடங்கள் பயன்பட வேண்டுமானால், உள்ளே எடுக்கத்தக்கது எதுவும் கண்ணில் படக் கூடாது. பக்கத்தில் கவனிக்கும் கண்கள் இருக்க வேண்டும்.

- நகையும் ஆவணமும்: கடவுச்சீட்டு, கிரீன் கார்டு, பணம், தங்க நகை ஆகியவற்றை வண்டியில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். ஆவணங்கள் தோள்பையில் உங்களோடு வரட்டும். திருமணத்துக்கோ பெருநாளுக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும் பயணமாக இருந்தால், நகையைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

- திரைச்சீலை: வெளியே போகும்போது எல்லாத் திரைகளையும் இழுத்து மூடுங்கள். மேசைமேல் கணினி தெரிந்தால் கண்ணாடியை உடைக்கத் தூண்டும்.

- நிறுத்தும் இடம்: ஆட்கள் நடமாடும், வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசல் வாகன நிறுத்தத்தில் விட்டாலும், தொழுகை நேரத்தில் எல்லோரும் உள்ளே இருப்போம் என்பதை நினைவில் வைத்துப் பூட்டுங்கள்.

- வெளியே இருப்பவை: டிரெய்லரின் முன்பக்கம் உள்ள வாயு உருளைகளையும் பேட்டரியையும் கழற்றுவது எளிது. அவற்றுக்கும் மிதிவண்டிகளுக்கும் ஜெனரேட்டருக்கும் சங்கிலியும் பூட்டும் போடுங்கள்.

- வண்டியே போய்விடாமல்: கழற்றி நிறுத்திய டிரெய்லரை வேறொரு வண்டியில் மாட்டி இழுத்துச் செல்லச் சில நிமிடங்கள் போதும். இணைப்பு முனைக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு என இரண்டும் வேண்டும். இணைப்புக் குமிழின் அளவு பொதுவாக 2 அங்குலம் அல்லது 2 5/16 அங்குலம். அளவு பார்த்து வாங்குங்கள்.

- இடம் காட்டும் கருவி: ஏர்டேக் போன்றவற்றை ஒளித்து வைக்கலாம். ஆனால் அது தன்னோடு பயணிப்பதாகத் திருடனின் கைபேசிக்கும் எச்சரிக்கை போகக்கூடும். கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். கருவி இதற்கு மேலானது.

காப்பீடு என்ன சொல்கிறது?

வண்டிக்கான காப்பீடு வேறு, வண்டிக்குள் உள்ள உங்கள் பொருள்களுக்கான காப்பீடு வேறு. வாடகை வண்டியில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். வாடகை நிறுவனத்திடம் கூடுதல் பணம் கட்டி வாங்கிய காப்பீட்டில் உங்கள் கணினியும் கைப்பையும் அடங்காமல் இருக்கலாம். உங்கள் வீட்டுக் காப்பீடு, வெளியிடத்தில் நடக்கும் திருட்டுக்கும் பொருந்துமா, எவ்வளவு தொகையை நீங்களே ஏற்க வேண்டும் என்று புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணையும், விலையுயர்ந்த பொருள்களின் வரிசை எண்களையும் கைபேசியில் படம் எடுத்து வைத்திருங்கள்.

திரும்பி வரும்போது கதவு நெம்பப்பட்டிருப்பதைக் கண்டால் உள்ளே போகாதீர்கள். திருடன் இன்னும் உள்ளே இருக்கலாம். பிள்ளைகளோடு விலகி நின்று 911-ஐ அழையுங்கள். எதையும் தொடும் முன் படம் எடுங்கள். போலீஸ் அறிக்கையின் எண் இல்லாமல் காப்பீட்டுக் கோரிக்கை நகர்வது கடினம்.

மகளுக்குச் சொன்ன பதில்

ஆக, ஆர்.வி. கதவின் பூட்டு எவ்வளவு பாதுகாப்பானது? கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவனை அது தடுக்கும். கருவியோடு வந்தவனைச் சிறிது நேரம் தாமதப்படுத்தும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. மீதியை நம் எச்சரிக்கையும் அக்கம்பக்கத்தாரின் கண்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முகாமில் போய் இறங்கியதும் பக்கத்து வண்டிக்காரரிடம் பேசி அறிமுகமாகிக்கொள்வது எந்தப் பூட்டுக்கும் குறைந்ததல்ல. எங்கள் பூட்டைத் திறந்து காட்டிய பெரியவர்தான், அடுத்த இரண்டு நாளும் நாங்கள் ஏரிக்குப் போனபோது எங்கள் வண்டியையும் பார்த்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் மீண்டும் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தோம். சாவியை வாங்கியதும் முதலில் கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். வெளிக்கதவு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பிறகு சிவப்புக் கைப்பிடி ஜன்னலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு முறை திறந்து மூடினார்கள். அன்றிரவு மகளே எழுந்து போய் டெட்போல்ட்டைத் திருப்பிவிட்டு வந்து, "பூட்டியாச்சு வாப்பா" என்றாள். பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.